ஐந்து பெண்களும் ஒரு பங்குக் காணியும்

வாசகர் கேள்வி – பதில்

பழைய ஆங்கிலக் காதல் நாவல்களைப் புதிய பாத்திரங்களோடும் புதிய திருப்பங்களோடும் நமது மண்ணில் மறுபடி எழுதிப் பார்க்கலாம் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டன. அநேகமாக எல்லோரும் ஜேன் ஒஸ்டின் 1813 இல் வெளியிட்ட ‘பிறைட் அன்ட் பிறெஜுடிஸ்’ (பெருமிதமும் தப்பெண்ணமும்) நாவலையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் வாழும் பென்னற் குடும்பத்தில் ஐந்து பெண்பிள்ளைகள், ஆண்பிள்ளை இல்லை. தகப்பனுக்குப் பின் வீடும் நிலமும் கொலின்ஸ் என்ற தூரத்து உறவினரான பாதிரியாருக்குப் போய்விடும். இரண்டாவது மகள் எலிசபெத், பெரும் செல்வரான டார்சி தன்னை ஏளனமாகப் பேசியதைக் காதால் கேட்டு அவரை வெறுக்கிறாள். அவர் மணம் பேசியபோது முகத்துக்கு நேரே மறுக்கிறாள். பிறகு அவர் எழுதிய கடிதத்தாலும், அவருடைய வீட்டைப் போய்ப் பார்த்ததாலும், விக்கம் என்பவனோடு ஓடிப்போன தங்கை லிடியாவை அவர் இரகசியமாகக் கரைசேர்த்ததை அறிந்ததாலும் மனம் மாறுகிறாள்.

கேள்வி: ஐயா, இந்தக் கதையைக் கொக்குவிலில் நடப்பதாக எழுதத் தொடங்கி ஐந்து அத்தியாயங்கள் முடித்துவிட்டேன். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவருக்கு ஐந்து பெண்கள். ஆண்பிள்ளை இல்லாததால் வீடு கொழும்பிலுள்ள ஒன்றுவிட்ட தம்பி மகனுக்குப் போகப்போகிறது. வாசித்த என் அண்ணி, “யாழ்ப்பாணத்தில் இப்படி நடக்குமா?” என்று கேட்டுச் சிரிக்கிறார். கதைக்கு இது அவ்வளவு முக்கியமா?
– கொக்குவில் வாசகி

பதில்: உங்கள் அண்ணிக்கு என் பாராட்டுகளைச் சொல்லுங்கள். கதையின் அச்சாணி கழன்றிருக்கும் இடத்தை அவர் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்.

ஒஸ்டினின் நாவலில் காதல் மேற்பரப்பில் ஓடுகிறது. அதை ஓடவைப்பது கணக்கு. தகப்பனாரின் காணி ஆண்டுக்கு 2,000 பவுண் வருமானம் தருகிறது. ஆண்வழி வாரிசுக்கே சேர வேண்டும் என்று அந்தச் சொத்து முன்கூட்டியே கட்டிவைக்கப்பட்டிருப்பதால், அவர் கண்ணை மூடிய மறுநாள் தாயும் பெண்களும் வீட்டைவிட்டு இறங்க வேண்டியதுதான். எலிசபெத்திடம் மணம் பேச வந்த கொலின்ஸ், தாயின் காலத்துக்குப் பின் அவளுக்குக் கிடைக்கப்போவது நான்கு வீத வட்டியில் கிடக்கும் 1,000 பவுண் மட்டுமே என்பதை மறக்காமல் சொல்லிக்காட்டுகிறார். அதாவது ஆண்டுக்கு 40 பவுண். டார்சியின் வருமானமோ ஆண்டுக்கு 10,000. இந்த எண்களைத் தெரிந்துகொண்டு வாசித்தால், அவள் இரண்டு முறை மறுத்ததன் துணிச்சல் புரியும். தெரியாமல் வாசித்தால் ஒரு வாய்க்காரப் பெண்ணின் கதையாக மட்டுமே தெரியும்.

இனி நமது ஊருக்கு வாருங்கள். ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி நம்மவரின் வழக்கங்களைக் கேட்டுத் தொகுத்து 1707 அளவில் எழுதிக்கொடுத்த தேசவழமையை, ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் சட்டமாக ஏற்றுக்கொண்டார்கள். முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம் (பெண்ணுக்குக் கலியாணத்தில் கொடுப்பது), தேடியதேட்டம் (மணவாழ்வில் சம்பாதித்தது) என்று அது சொத்தை மூன்றாகப் பிரிக்கிறது. இங்கே வீடு பெரும்பாலும் பெண்ணோடு போகும். தாய்க்குச் சீதனமாக வந்த வீடு மகளுக்குச் சீதனமாகப் போவதும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவதும் நமக்கு அதிசயமல்ல. எலிசபெத் வாழ்ந்த இங்கிலாந்தில், மணமான பெண்ணின் சொத்து பெரும்பாலும் கணவன் கைக்குப் போய்விடும். 1882 ஆம் ஆண்டின் சட்டம் வந்த பிறகுதான் அங்கே அந்த நிலை முறையாக மாறியது. அதே காலத்தில் கொக்குவிலில் ஒரு பெண்ணின் பெயரில் காணியுறுதி, அதாவது காணியின் உரிமைப் பத்திரம், இருந்திருக்க முடியும். ஆகவே ஆண்பிள்ளை இல்லை என்பதற்காக வீடு கொழும்பிலுள்ள உறவினருக்குப் பறந்துபோகாது. இதை வாசிக்கும் எந்த யாழ்ப்பாணத்து வாசகரும், உங்கள் அண்ணியைப் போலவே, முதல் அத்தியாயத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டு, “இந்த ஆளுக்கு உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசையும் தெரியாதா?” என்று கேட்பார்.

ஐந்து பெண்களைப் பெற்ற நமது தகப்பனாருக்கு வேறொரு பயம் உண்டு. ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி என்று பழமொழியே சொல்லிவைத்திருக்கிறார்கள். அங்கே இருக்கும் வீடு கைவிட்டுப் போகிறது; இங்கே ஒரு வீடு ஐந்து வீடாக வேண்டியிருக்கிறது. மூத்தவளுக்கு வீட்டை எழுதினால் அடுத்த நால்வருக்கு எதை எழுதுவது? மூத்தவளின் நல்ல சம்பந்தம் தங்கைகளின் வழியை அடைக்கும். ஒஸ்டினின் நாவலில் இல்லாத இந்த நெருக்கடி உங்களுக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது. அதை ஏன் விடுகிறீர்கள்?

கொலின்ஸை விட மனமில்லையென்றால் (நான் விடமாட்டேன்) அவருக்கும் ஒரு வழி இருக்கிறது. வீடு நிற்கும் காணி பங்குக் காணியாக இருக்கட்டும். பாட்டனார் பிரிக்காமல் விட்ட பன்னிரண்டு பரப்பில் பாதி உங்கள் கதாநாயகியின் தாய்க்குச் சீதனம். மறுபாதி தாயின் தமையனுக்கு. அந்தத் தமையன் காலமாகி, அவருடைய மகன் கொழும்பில் வங்கி அதிகாரியாக இருக்கிறான். அவன் பெண்களுக்கு முறை மச்சான். காணிக்கு இணை உரிமையாளன். இணை உரிமையாளனுக்கு முதலில் அறிவிக்காமல் பங்கை வெளியாருக்கு விற்றால், முன்வாங்கும் உரிமையைக் கொண்டு அவன் வழக்காடலாம். அதற்கென்று 1947 இலேயே தனிச் சட்டம் செய்திருக்கிறார்கள். பிரிவினை வழக்குப் போட்டாலோ, கிணறு யாருக்கு, பனைகள் யாருக்கு, ஒழுங்கை யாருக்கு என்று ஒரு தலைமுறை போய்விடும். அந்த மச்சான் வந்து விறாந்தையில் உட்கார்ந்து, தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, “உங்கட பிள்ளையளில ஒராளை எனக்குத் தந்தால் கோட்டுக்குப் போக வேண்டிய தேவை இல்லைத்தானே மாமி” என்று சொல்லட்டும். கோமாளியாக அவனை எழுதாதீர்கள். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது; ஊரும் அதைத்தான் சொல்லும். அப்போதுதான் கதாநாயகி மறுப்பதற்கு ஒரு விலை இருக்கும். அவளுடைய தோழியான, முப்பது வயதைக் கடந்த ஆசிரியை, பிறகு அவனை மணப்பதும் துரோகமாகத் தோன்றாது. மூலக்கதையில் அந்தத் தோழி சார்லட்டுக்கு வயது 27. அவள் எடுத்த முடிவை ஒஸ்டின் கேலி செய்யாமல் எழுதியிருப்பதைக் கவனித்துப் பாருங்கள்.

வேறொரு அச்சாணியும் இருக்கிறது. 1990 இல் போரால் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பமாக அவர்களை வைக்கலாம். பெட்டிக்குள் உறுதி பத்திரமாக இருக்கும். இராணுவத்தின் பிடியில் இருக்கும் காணிக்குள் கால் வைக்க முடியாது. தாளில் செல்வர்கள், வாழ்வது வாடகை வீட்டில். ஆனால் இதை எடுத்தால் கதையின் தொனி முழுவதும் மாறும். ஒஸ்டினின் குறும்பை அங்கே தக்கவைப்பது எளிதல்ல. உங்கள் ஐந்து அத்தியாயங்களில் இருக்கும் விளையாட்டுக் குணத்துக்குப் பங்குக் காணியே பொருந்தும் என்பது என் கருத்து.

கேள்வி: கதாநாயகனை லண்டன் மாப்பிள்ளையாக வைத்தால் வாசகருக்குச் சலிக்காதா? இல்லையென்றால் டார்சியின் பணத்துக்கு நான் எங்கே போவது?
– சாவகச்சேரி வாசகர்

பதில்: லண்டனால் சலிப்பு வராது, லண்டனிலிருந்து வருபவர் பெட்டியைத் திறந்து சொக்லேற் கொடுப்பதோடு பாத்திரம் முடிந்துவிடுவதால்தான் வருகிறது. டார்சி வெறும் பணக்காரர் அல்லர். அவரை நம்பி ஒரு தங்கை இருக்கிறாள்; அவருடைய நிலத்தில் குத்தகைக்கு இருப்பவர்களும் வேலையாட்களும் இருக்கிறார்கள்; பதினைந்து வயதில் அந்தத் தங்கையை, அவளுடைய 30,000 பவுணுக்காக, விக்கம் கடத்திக்கொண்டு போகப் பார்த்த பழைய காயமும் இருக்கிறது. அவருடைய திமிரில் பாதி அந்தக் காயத்தின் தழும்பு.

நமது ஊரில் அந்தத் தங்கைக்கு இன்னும் பெரிய வேலை கொடுக்கலாம். சீதனத்துக்கு மேலதிகமாக மாப்பிள்ளை வீட்டாரின் கையில் கொடுக்கும் காசை நாம் டொனேசன் என்கிறோம். தமையன் வாங்கும் அந்தக் காசு பல வீடுகளில் தங்கையின் சீதனமாக மறுபடி புறப்பட்டுப் போகும். உங்கள் கதாநாயகனுடைய தங்கையின் கலியாணம், பொன்னுருக்கலுக்கு நாள் வைத்த பிறகு, காணியுறுதியில் வில்லங்கம் இருக்கிறது என்று சொல்லி நிறுத்தப்பட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அவன் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் உறுதியைத்தான் கேட்பான். கதாநாயகியின் கண்ணுக்கு அது பேராசையாகத் தெரியும். அவனைப் பொறுத்தவரை அது சூடு கண்ட பூனையின் பயம். பெருமிதமும் தப்பெண்ணமும் இருவரிடமும் தானாக வந்து சேர்ந்துவிடுகின்றன.

மூலக்கதையில் அந்த முதல் அவமதிப்பு ஒரு நடன மண்டபத்தில் நிகழ்கிறது. இங்கே நல்லூர்த் திருவிழாவில் நிகழட்டும். மூத்தவளைப் பார்க்க அவனுடைய சிநேகிதன் வந்திருக்கிறான், துணைக்கு இவன். கோயிலில் தற்செயலாகக் காண்பதுபோல் பெண் பார்ப்பது நமது நாகரிகம். மேற்கு வீதித் தண்ணீர்ப்பந்தலில் மோருக்காக நிற்கும் இரண்டாமவளுக்குக் கிடுகு மறைப்பின் அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு குரல்கள் கேட்கின்றன. வெயிலில் கொதிக்கும் மணலில் வெறுங்காலோடு நிற்க முடியாமல் லண்டன்காரன் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு சொல்கிறான்: “மூத்தவவைப் பிடிச்சிருந்தால் நீ செய். தங்கச்சிக்காரியும் பரவாயில்லை. ஆனால் உறுதிதான் வில்லங்கம். பங்குக் காணியைக் காட்டி ஆக்களைப் பிடிக்கிற குடும்பம் போலக் கிடக்கு.” முகத்தைப் பழித்திருந்தால் அவள் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். தாயின் உறுதியைப் பழித்துவிட்டான். நானூறு பக்கத்துக்கு அந்தக் கோபம் தாங்கும்.

அவனுடைய பெரிய வீட்டையும் லண்டனில் தேடாதீர்கள். பூட்டிக் கிடக்கும் நாற்சார் வீடு ஒன்று அவனுடைய ஊரில் இருக்கட்டும். மூலத்தில் எலிசபெத்தின் மனம் திரும்பும் இடம் டார்சியின் பெம்பர்லி மாளிகை. அங்கே வீட்டைப் பராமரிக்கும் பெண்மணி தன் எசமானைப் பற்றிச் சொல்லும் நல்ல வார்த்தைகள் அவளைத் திடுக்கிட வைக்கின்றன. நமது கதையில், சின்னம்மாவோடு வழியில் இறங்கி அந்த வீட்டைப் பார்க்கப் போகும் கதாநாயகிக்கு ஒரு வயோதிபப் பெண் கதவைத் திறக்கிறாள். வௌவால் எச்ச மணம்; நடுமுற்றத்தில் காயப்போட்ட ஒடியல்; சுவரில் பூமாலையில்லாத ஒரு படத்தில் பாவாடை தாவணியோடு அந்தத் தங்கை. “தம்பி இந்த அறையை மட்டும் திறக்க வேண்டாம் எண்டவர். மற்றதெல்லாம் என்ரை வீடு மாதிரித்தான்” என்கிறாள் கிழவி. அவளுக்குச் சொந்த வீடு இல்லை என்பதும், வாடகை என்ற பேச்சை அவன் ஒருநாளும் எடுத்ததில்லை என்பதும் மெதுவாகத் தெரியவருகின்றன. அவனைப் புகழ்ந்து அவள் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: இக்காலத்துக்குக் கொண்டுவராமல், அதே 1813 இல், யாழ்ப்பாணத்திலேயே நடப்பதாக எழுத முடியுமா?
– வட்டுக்கோட்டை வாசகர்

பதில்: முடியும்; நான் வாசிக்க விரும்புவதும் அதைத்தான். ஆனால் இதற்கு உழைப்பு வேண்டும்.

மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் நோயுற்றிருந்ததால் அவருடைய மகன் பதிலாள் இளவரசராக ஆண்ட 1811 முதல் 1820 வரையான காலத்தைத்தான் ரீஜென்சிக் காலம் என்கிறார்கள். அப்போது யாழ்ப்பாணக் கோட்டையில் பறந்ததும் ஆங்கிலேயருடைய கொடிதான். ஒல்லாந்தரிடமிருந்து கோட்டை கைமாறியது 1795 இல். தேசாதிபதி பிறவுண்றிக் 1812 இல் வந்தார். கண்டி 1815 இல் வீழ்ந்தது. அமெரிக்க மிசனரிமார் 1816 இல் இங்கே வந்து சேர்ந்தார்கள். ஆகவே லிடியாவின் தலையைக் கிறுகிறுக்க வைத்த சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் கோட்டைக்குள் இருக்கிறார்கள். ஆனால் உடுவில் பெண்கள் பாடசாலை தொடங்கியது 1824 இல். அதற்கு முன் உங்கள் கதாநாயகி எங்கே படித்தாள், தனக்கு வந்த கடிதத்தை எப்படித் தானே வாசித்தாள் என்பதற்கு ஒரு விடை வேண்டும். தகப்பனார் புராணம் படிப்பவராகவும், ஆண்பிள்ளை இல்லாத குறையைப் பெண்ணுக்கு ஏடு தொடக்கித் தீர்த்துக்கொண்டவராகவும் இருக்கலாம். அந்தக் கடிதம் ஓலையில் வரும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். டார்சி எழுதியதுபோல் பக்கம் பக்கமாக ஓலையில் எழுத முடியாது. அவர் சுருங்கச் சொல்லப் பழக வேண்டும். அது அவருக்கும் நல்லது.

உழைப்பு வேண்டும் என்று நான் சொன்னது வேறொன்றை நினைத்து. அக்காலத்து யாழ்ப்பாணத்து வசதியான வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். 1816 ஆகஸ்ட் 12 ஆம் திகதிக்குப் பின் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று இலங்கையில் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. அந்தத் திகதியைத் தேர்ந்ததற்குக் காரணம் அது பதிலாள் இளவரசரின் பிறந்தநாள் என்பதே. முழுமையான ஒழிப்பு 1844 வரை காத்திருந்தது. ரீஜென்சியும் யாழ்ப்பாணமும் நேருக்கு நேர் தொட்டுக்கொள்ளும் இடம் இது; பட்டுச் சட்டையும் நடனமும் அதற்குப் பிறகுதான். 1816 ஆவணியில் அந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணியாக ஓர் அடிமைப் பெண் இருந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு நாள் முந்திப் பிறந்தால் ஒரு வாழ்க்கை, ஒரு நாள் பிந்திப் பிறந்தால் வேறொரு வாழ்க்கை. உங்கள் கதாநாயகியின் கலியாணப் பேச்சு அந்த வாரத்திலேயே நடக்கட்டும். ஒஸ்டினே 1814 இல் வெளியிட்ட ‘மான்ஸ்பீல்ட் பார்க்’ நாவலில், அன்ரிகுவாவில் தோட்டம் வைத்திருக்கும் பெரியப்பாவிடம் அடிமை வியாபாரத்தைப் பற்றி ஒரு பெண் கேட்க, வீட்டில் மற்ற எவரும் வாய் திறக்காமல் இருந்ததை எழுதியிருக்கிறார். அந்த மௌனத்தை நீங்கள் கலைக்கலாம்.

ஓர் உபரிச் செய்தி. ஒஸ்டினின் ஒரே தம்பி சார்ல்ஸ் கடற்படைத் தளபதியாக 1852 இல் பர்மாவில் இறந்தபோது அவரை அடக்கம் செய்தது நமது திருகோணமலையில். அக்காவின் நாவல்களில் கடற்படை மாலுமிகளுக்கு மரியாதையான இடம் உண்டு.

கேள்வி: சாதியைத் தொடாமல் இந்தக் கதையை எழுத முடியாதா? எனக்குப் பிரச்சினை வேண்டாம்.
– பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர்

பதில்: எழுதலாம். அப்படியானால் எல்லாப் பாத்திரங்களும் ஒரே சாதி என்று வாசகர் தாமாகவே முடிவு செய்துகொள்வார்; எந்தச் சாதி என்பதையும் அவரே முடிவு செய்வார். ஒஸ்டினின் உலகில் வியாபாரத்தில் வந்த காசு ஒரு தலைமுறையில் கனவானை உருவாக்கிவிடுகிறது. டார்சியின் சிநேகிதன் பிங்லியின் செல்வம் அப்படி வந்ததுதான். 1968 இலும் கோயிலுக்குள் போவதற்காக மாவிட்டபுரத்தில் போராட வேண்டியிருந்த மண்ணில் காசுக்கு அந்த வல்லமை இல்லை. டார்சிக்கும் எலிசபெத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை இங்கே சாதியாக மாற்றினால் நீங்கள் எழுதுவது வேறு நாவல். முடிவும் வேறாகத்தான் இருக்கும். எழுத விருப்பமில்லையென்றால் விட்டுவிடுங்கள். ஆனால் பணக்காரப் பையன், ஏழைப் பெண் என்று மூடிமறைத்து எழுதுவது மட்டும் வேண்டாம்.

கேள்வி: லிடியா ஓடிப்போவதை இன்றைக்கு எப்படி எழுதுவது? வாட்ஸ்அப்பில் படம் பரவுவதாக வைத்திருக்கிறேன்.
– மானிப்பாய் வாசகி

பதில்: படம் பரவுவது இரண்டு அத்தியாயத்தில் ஓய்ந்துவிடும். பரவிய பிறகு செய்வதற்கு எவருக்கும் ஒன்றும் இல்லை. விக்கம் போன்றவனுக்கு வேண்டியது காசு. அவனுக்கு ஒரு காணியைக் காட்டுங்கள்.

கடைக்குட்டி ஒருவனோடு போய்ப் பதிவுத் திருமணம் செய்துவிட்டாள் என்று தெரிந்ததும், ஊர் வாயை மூடுவதற்காகத் தகப்பனார் அவசர அவசரமாக, வில்லங்கம் இல்லாத ஒரேயொரு காணித் துண்டை அவளுக்குச் சீதனமாக எழுதிவிடுகிறார். நால்வருக்கும் மிச்சம் பங்குக் காணிதான். வெளிநாடு போவதற்கு ஏஜென்சிக்குக் கட்டவேண்டும் என்று சொல்லி, அந்தத் துண்டை ஈடு வைக்கும்படி அவன் அவளை நெருக்குகிறான். பிறகு அவள் விழித்துக்கொண்டு, அதை விற்றாவது கடனைத் தீர்ப்போம் என்று நினைத்தாலும், தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் காணியைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அவன் சம்மதிக்காவிட்டால் நீதிமன்றம்தான் போக வேண்டும். ஒப்பத்துக்கு ஒரு விலை வைத்துக்கொண்டு அவன் காத்திருப்பான். இதுதான் அவனுடைய வில்லத்தனம். படத்தைவிட நீண்டகாலம் நிற்கும்.

மூலக்கதையில் டார்சி விக்கமின் ஆயிரம் பவுணுக்கு மேற்பட்ட கடனை அடைத்து, லிடியாவின் பெயரில் இன்னோர் ஆயிரம் போட்டு, அவனுக்குப் படையில் ஒரு பதவியும் வாங்கிக்கொடுத்து வாயடைக்கிறார். கலியாணத்துக்கு அவரும் வந்திருந்தார் என்று லிடியா வாய் தவறி உளறும்போது இரகசியம் வெளிப்படுகிறது. உங்கள் கதாநாயகன் அந்த ஈட்டை மீட்டுக்கொடுக்கட்டும். அதற்கு உறுதி எழுத வேண்டும். காணியுறுதி என்றால் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒருங்கே இருந்து ஒப்பமிட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டிலிருந்து உள்ள சட்டம். வந்த சாட்சிகளில் ஒருவர் பஸ்ஸைத் தவறவிட்டார் என்றோ வேறெதுவோ சொல்லி, அவனையே சாட்சியாக ஒப்பமிட வையுங்கள். உறுதி வில்லங்கம் என்று சொன்னவனின் கையெழுத்தை, பல மாதங்களுக்குப் பின் அந்த உறுதியின் கடைசிப் பக்கத்திலேயே அவள் கண்டுபிடிப்பாள். லிடியாவின் உளறல் வேண்டியதில்லை.

கேள்வி: இப்படி எழுத யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?
– ரொறன்ரோ வாசகர்

பதில்: வேண்டாம். ஒஸ்டின் 1817 இல் இறந்துவிட்டார். அவருடைய நாவல்கள் எவரும் எடுத்தாளக்கூடிய பொதுச்சொத்து. ஆனால் பிற்காலத்தில் அவற்றைத் தழுவி எடுத்த படங்களிலும் தொடர்களிலும் புதிதாகச் சேர்க்கப்பட்ட காட்சிகள் அவற்றைச் செய்தவர்களுக்கு உரியவை. நீங்கள் படத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுதுவதாகத் தெரிகிறது, ஏனென்றால் உங்கள் சுருக்கத்தில் டார்சி குளத்திலிருந்து நனைந்த சட்டையோடு வருகிறார். அது 1995 ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடரில் உள்ளது; நாவலில் அவர் நனையவே இல்லை. முதலில் நாவலை வாசியுங்கள்.

கேள்வி: நமக்கென்று சொந்தக் கதைகள் இல்லையா? இரவல் கதை எதற்கு?
– பருத்தித்துறை வாசகர்

பதில்: ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்க காலத்திலேயே, 1891 இல், இன்னாசித்தம்பி ஐரோப்பிய வீரக்கதை ஒன்றைத் தழுவி ‘ஊசோன் பாலந்தை கதை’ எழுதினார். ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ 2000 இல் திரைக்கு வந்தபோது, அது ஒஸ்டினின் இன்னொரு நாவலைத் தழுவியது என்று தெரியாமலேயே யாழ்ப்பாணத்திலும் இரசித்தோம். இரவல் வாங்குவதில் வெட்கம் இல்லை. இரவல் சட்டையைத் தைக்காமல் அப்படியே போட்டுக்கொண்டு வருவதுதான் பார்க்கச் சகிக்காது. மற்றபடி, சொந்தக் கதை வேண்டும் என்பவர்கள் மங்களநாயகம் தம்பையா 1914 இல் வெளியிட்ட ‘நொறுங்குண்ட இருதயம்’ நாவலைத் தேடி வாசியுங்கள். யாழ்ப்பாணத்துப் பெண்ணொருவர் யாழ்ப்பாணத்துத் திருமண வாழ்க்கையைப் பற்றி எழுதியது.

கேள்வி: எலிசபெத்தின் தாயை வாசிக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. எப்போதும் கலியாணம், கலியாணம் என்று நச்சரிப்பு. நரம்புத் தளர்ச்சி என்று முறைப்பாடு. என் கதையில் அவரை விட்டுவிடலாமா?
– நெல்லியடி வாசகி

பதில்: விடாதீர்கள். அவர் இல்லாமல் அந்தக் குடும்பத்தில் கணக்குப் பார்ப்பவர் ஒருவருமில்லை. தகப்பனார் புத்தக அறைக்குள் இருந்துகொண்டு எல்லோரையும் கேலி செய்கிறார். ஒரு மகன் பிறப்பான், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி, வந்த வருமானத்தில் ஒரு சதமும் சேர்க்கவில்லை. தன் பிள்ளைகள் நடுத்தெருவுக்கு வரக்கூடும் என்று நாள் முழுவதும் பயந்துகொண்டிருப்பவர் அந்தத் தாய் மட்டுமே. அவர் பயப்படும் விதம் சிரிப்பூட்டுகிறது என்பது உண்மைதான், பயத்தில் பிழையில்லை.

நமது ஊரில் அவருடைய நிலை இன்னும் உயர்கிறது. கொக்குவில் வாசகிக்கு எழுதிய விடையைப் பாருங்கள்: அந்த வீடு தாயின் சீதனம். மூலக்கதையில் கையில் பெரிதாக ஒன்றுமில்லாமல் புலம்பும் அந்தப் பெண்மணி இங்கே வீட்டின் உரிமையாளர். எந்த மகளுக்கு எழுதுவது என்று தீர்மானிப்பவர் அவர். தலைமை ஆசிரியர் சம்மத ஒப்பம் வைப்பவர் மட்டுமே. சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஐந்து பெண்களில் எவளுக்கு என்று வாய் திறக்காமல், ஆளுக்கொரு நாள் நல்ல மீன் துண்டைப் போடும் தாயாக அவரை எழுதிப் பாருங்கள். தரகர் வந்து, மூத்தவளுக்கு வீட்டை எழுதினால் சம்பந்தம் முற்றாகும் என்று சொல்லும்போது, அவர் உடனே தலையாட்டக்கூடாது. அடுத்தவள் மச்சானை மறுத்துவிட்டாள் என்று மூன்று நாள் பேசாமல் இருந்தவர் அவர்தான். ஆனால் அவளுக்கென்று கிணற்றடிப் பக்கத்து இரண்டு பரப்பை எவருக்கும் சொல்லாமல் ஒதுக்கி வைத்தவரும் அவராகவே இருக்கட்டும். நச்சரிப்பையும் குறைக்க வேண்டாம். காணிக்காரி நச்சரித்தால் வீட்டில் எல்லோரும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.